‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க’ வகுப்பு: 2,500 ரூபாய்க்குத் தேறுமா?

கோவை காந்திபுரத்தில் நேர்காணலுக்குத் தயார் செய்யும் வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள், மதியச் சாப்பாடு சேர்த்து 2,500 ரூபாய். வேலை கொடுப்பவர் முன்னால் உட்கார்ந்து ஒரு நிமிடத்துக்குள் தன்னைப் பற்றித் தெளிவாகச் சொல்வது எப்படி என்பதுதான் முக்கியப் பாடம். மையத்தின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி வகுப்புகள் கிராஸ்கட் ரோட்டில் ஆரம்பித்து சென்னை வேளச்சேரி வரை நிறைய நடக்கின்றன, நோட்டீஸைப் பார்த்தால் பாடத்திட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் எங்கே சேர நினைப்பவருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் காலை சுத்த வீண். அன்று மதியமும் மறுநாள் முற்பகலும் காசுக்குத் தகும். ஆனால் எல்லோருக்கும் தகும் என்று சொல்ல மாட்டேன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் நிலவரம் தெரிந்தால்தான் இந்த மதிப்புரை புரியும். பி.காம். முடித்து ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் கணக்குப் பார்த்தேன். 2020 தொடக்கத்தில் குழந்தைக்காக வேலையை விட்டேன், இப்போது மறுபடி தேடுகிறேன். வகுப்பில் மற்றவர்கள் பெரும்பாலும் இந்த வருடம்தான் கல்லூரியை முடித்த பிள்ளைகள், நான்தான் எல்லோருக்கும் அக்கா.

சனிக்கிழமை காலையைப் பற்றி அதிகம் எழுத எதுவும் இல்லை. தன்னம்பிக்கைப் பேச்சு, ஒரு வீடியோ, எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவது, அப்புறம் ஷூவுக்கு பாலிஷ் போட்டிருக்க வேண்டும், கை குலுக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மணி நேரம். கோவையில் ஒரு ஃபவுண்டரி முதலாளியைப் பார்க்கப் போகும் பெண்ணுக்கு யார் கை குலுக்கப் போகிறார்கள்? வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்வதுதான் இங்கே வழக்கம். ‘100 மாதிரி அறிமுகங்கள்’ என்று ஒரு பிடிஎஃப் வேறு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இந்த பிடிஎஃப்தான் நம் ஊர் நேர்காணல்களின் பெரிய வியாதி என்பது என் கருத்து.

அதில் இருப்பது என்ன என்று தமிழ்நாட்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போன எவருக்கும் தெரியும். என் பெயர் இது, ஊர் இது, அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, ஒரு தம்பி, பத்தாவதில் இத்தனை சதவீதம், பன்னிரண்டாவதில் இத்தனை, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, என் பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். எதிரே இருப்பவர் காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருப்பார். இதில் இருக்கும் பாதித் தகவல் அவர் கையில் இருக்கும் காகிதத்திலேயே இருக்கிறது, மீதிப் பாதி அவருக்குத் தேவையில்லை. அப்பா பெயரையும் ஊரையும் முதல் வரியிலேயே சொல்லும் பழக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் ‘எந்த ஊரு, அதுல எந்தப் பக்கம்’ என்ற கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கேட்காத ஆளுக்கும் நாமே போய் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

மதியத்துக்கு மேல் வேறொருவர் வந்தார். ஒரு பெரிய மில்லில் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவராம். மைக்கைக் கூடத் தொடவில்லை. “பிடிஎஃப மூடி வைங்க, இந்தத் தம்பி முதல்ல வரட்டும்” என்றார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த பையன், டிப்ளமா மெக்கானிக்கல். எழுந்து நின்று ஒப்பித்தான், கடின உழைப்பாளி, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்பவன் என்று முடித்தான்.

“சரி தம்பி, கடைசியா என்ன மெஷின்ல கை வெச்சீங்க?”

“இன்-பிளான்ட் ட்ரெய்னிங்ல சிஎன்சி லேத் சார்.”

“கன்ட்ரோல் என்ன?”

“ஃபானுக் சார். ஆஃப்செட் கொடுப்பேன். புரோகிராம் பார்த்தா புரியும், சொந்தமா எழுத இப்பத்தான் பழகறேன்.”

“அளக்கறது?”

“வெர்னியர், மைக்ரோமீட்டர். 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் பார்ப்பேன் சார்.”

“இதத்தான தம்பி முதல்ல சொல்லோணும்? அப்பா என்ன பண்றாருன்னு அந்த சூப்பர்வைசருக்கு எதுக்கு?”

அறையே சிரித்தது, பையனும் சிரித்தான். அப்புறம் அவன் அந்த மூன்று பதில்களை மட்டும் வரிசையாகச் சேர்த்துச் சொன்னபோது அரை நிமிடம்கூட ஆகவில்லை. குரலும் மாறிவிட்டது. காலையில் நெஞ்சை நிமிர்த்து, சத்தமாகப் பேசு என்று அத்தனை நேரம் கத்தியதில் வராத தைரியம், தனக்கு நிஜமாகத் தெரிந்ததைச் சொன்னதும் தானாக வந்தது. ‘சொந்தமாக எழுத இப்போதுதான் பழகுகிறேன்’ என்பதை வெட்ட வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. தெரியாததை இவ்வளவு துல்லியமாகச் சொல்பவன் தெரியும் என்று சொல்வதை நம்பலாம் என்று கேட்பவருக்குத் தோன்றுமாம். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்தது ஃபோன் பதிவு. இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் பேச மற்றவர் பதிவு செய்ய வேண்டும். நேரம் ஒரு நிமிடம். சாதாரண வேகத்தில் ஆங்கிலம் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 130 முதல் 150 வார்த்தை வரும், ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தவர்கள் பாதியிலேயே மாட்டிக்கொண்டார்கள். பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்பது கொடுமை, ஆனால் இந்த வகுப்பில் உருப்படியான விஷயம் இதுதான். ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ எத்தனை முறை வருகிறது, எந்த இடத்தில் வேகம் கூடுகிறது எல்லாம் அப்போதுதான் தெரியும். என்னுடன் ஜோடி சேர்ந்த பெண் கல்லூரிப் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் ரயில் வேகம் எடுத்தாள். அவள் சொன்ன பகுதி அவள் செய்ததில்லை, குழுவில் வேறு யாரோ செய்தது. சொல்லும் வாய்க்கு அது தெரிகிறது, வேகமாகத் தாண்டப் பார்க்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, அதே புராஜெக்ட்டில் அவள் நிஜமாகச் செய்த வேலையை, அதாவது டேட்டா சேகரித்து எக்செல்லில் போட்டதைச் சொல்லச் சொன்னார்கள். சிறிய வேலைதான், ஆனால் அதில் எந்தக் கேள்வி கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நடந்ததற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அறிமுகத்தின் கடைசி வாக்கியம் பற்றிய பாடம் அது. பெரும்பாலானவர்கள் ‘தட்ஸ் ஆல் சார், தேங்க் யூ’ என்று முடிக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு அமைதி வரும், எதிரே இருப்பவர் ரெஸ்யூமைப் புரட்டி ஏதோ ஒன்றைப் பிடித்துக் கேட்பார், அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக, நீங்கள் எதைப் பற்றிப் பேச விரும்புகிறீர்களோ, அவருக்கும் எது தேவையோ அதில் கொண்டுபோய் நிறுத்துங்கள், அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும் என்றார் முந்தின நாள் மதியம் வந்தவர். ஒரு நிமிடம் முழுக்க அந்தக் கேள்வியை வரவைக்கத்தான் என்று வைத்துக்கொண்டால் எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற குழப்பமே போய்விடுகிறது. எனக்கு இதுவரை யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை.

என் முறை வந்தபோது, இடைவெளியை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். “அதுக்கு ஏம்மா மன்னிப்புக் கேக்கற மாதிரி முகத்த வெச்சுக்கறீங்க? அந்த நேரத்துல உங்க தொழில்ல என்ன மாறுச்சுன்னு சொல்லுங்க, அது போதும்” என்றார். கணக்குத் துறையில் மாறியது கொஞ்சமா? நான் வெளியே வந்த 2020லேயே, கொள்முதலில் கட்டிய வரியில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை வந்தது, நவம்பரில் கணக்கு மென்பொருள் டேலி ஈஆர்பி 9 போய் டேலி பிரைம் வந்தது. பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, படிப்படியாகக் குறைந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் என்றாகிவிட்டது. அதாவது நான் வேலையை விட்டபோது எங்கள் பக்கத்துச் சின்ன ஃபவுண்டரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று, இப்போது அவர்களின் தினசரி வேலை. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத ஜிஎஸ்டி அடுக்குகளையும் பெரும்பாலான பொருள்களுக்கு எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல முடிந்தாலே, இத்தனை வருடம் இந்தப் பெண் தொழிலை விட்டு முழுசாகப் போய்விடவில்லை என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

அங்கேயே உட்கார்ந்து எழுதியது இது, தமிழில் கொடுக்கிறேன் (ஜிஎஸ்டிஆர்-1 என்பது விற்பனை விவரத் தாக்கல், 3பி என்பது மாத வரித் தாக்கல், ஐடிசி-04 என்பது வேலைக்காக வெளியே அனுப்பிய சரக்கின் கணக்கு):

‘பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் கணக்குப் பார்த்தேன். கொள்முதல் பில் பதிவிலிருந்து ஜிஎஸ்டி தாக்கல் வரை என் பொறுப்பு. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி, தாமதக் கட்டணம் கட்டியதில்லை. 2020இல் குடும்பத்துக்காக வேலையிலிருந்து விலகினேன். அதற்குப் பிறகு வந்த இ-இன்வாய்ஸ், டேலி பிரைம் இரண்டையும் உறவினரின் ஒர்க்‌ஷாப் கணக்கில் செய்து பழகியிருக்கிறேன். உங்களிடம் ஜாப் ஒர்க் அதிகம் என்று தெரிந்துகொண்டேன், வெளியே போன சரக்கு திரும்பி வந்ததா என்று பார்ப்பதும் ஐடிசி-04 போடுவதும் பழைய கம்பெனியில் என் கையில்தான் இருந்தது.’

கோவையில் எந்த எஞ்சினியரிங் யூனிட்டுக்குப் போனாலும் ஜாப் ஒர்க் இருக்கும். ஒரு இடத்தில் வார்ப்பு, இன்னொரு இடத்தில் மெஷினிங், மூன்றாவது இடத்தில் பிளேட்டிங் என்று சரக்கு ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும், எந்த டெலிவரி சலான் யாரிடம் நிற்கிறது என்பது அந்த முதலாளிகளுக்குப் பெரிய தலைவலி. அதனால் கடைசி வரியைக் கேட்டால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஐ.டி. கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு இதே பேச்சு எடுபடாது, அங்கே கடைசி வரியை மாற்ற வேண்டும், பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரியான டிடிஎஸ் பற்றியோ மாதக் கடைசியில் கணக்கு முடிப்பது பற்றியோ வைக்க வேண்டும்.

மாதிரி நேர்காணலில் அவர் என்னை விடவில்லை. “தாமதக் கட்டணம் கட்டுனதே இல்லீங்களா? 2017லயுமா?” ஜிஎஸ்டி வந்த புதிதில் போர்ட்டல் 20ஆம் தேதி எப்படித் திணறும் என்று அந்த நேரம் கணக்குப் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். “அந்த ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூணு மாசத்து 3பி தாமதக் கட்டணத்த அரசாங்கமே தள்ளுபடி பண்ணிடுச்சு சார்” என்றேன். சிரித்துவிட்டார். எண் எதையாவது அறிமுகத்தில் வைத்தால் அதற்குப் பின்னால் இந்த மாதிரி ஒரு கதையும் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணையே வைக்க வேண்டாம் என்பது அவர் சொன்ன விதி.

இனி எனக்கு ஒத்துவராதது. பெண்கள் இடைவெளிக்குப் பிறகு வேலைக்கு வந்தால், ‘வீட்டில் சம்மதம் இருக்கிறது, குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வார்’ என்று தாமாகவே சொல்லிவிடுவது நல்லது, கம்பெனிக்கு நிம்மதி என்று காலையில் பேசியவர் சொன்னார். எந்த ஆணும் தன் அறிமுகத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்வதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. கேட்டால் ‘ஏற்பாடு இருக்கிறது, நேரத்துக்கு வருவேன்’ என்று ஒரு வரி போதும். மதியம் வந்தவரிடம் இதைக் கேட்டபோது அவரும் இதையேதான் சொன்னார். ஒரே மையத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லித்தந்தால் கல்லூரி முடித்த பெண் எதைக் கேட்பாள்? பாடம் நடத்துபவர்கள் முதலில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளட்டும்.

ஆங்கிலம் பற்றிய அணுகுமுறையும் சரியில்லை. உச்சரிப்புப் பயிற்சிக்கு நிறைய நேரம் போகிறது. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கு அது உதவலாம். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் போகப்போவது கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்கும் யூனிட்டுகளுக்கு, அங்கே முதலாளியே “சொல்லுங்க கண்ணு” என்றுதான் ஆரம்பிப்பார். தமிழில் தன்னைப் பற்றி மரியாதையாகவும் தயங்காமலும் பேசுவதற்கும் பழக்கம் வேண்டும், அதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போய், எதிரே இருப்பவர் தமிழில் கேட்டதும் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. இரண்டிலும் ஒரு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும்.

ஞாயிறு மதியம் லிங்க்ட்இன், நௌக்ரி போன்ற வேலை தேடும் தளங்கள். வேகமாக ஓட்டிவிட்டார்கள். லிங்க்ட்இன் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம், அதில் ‘வேலை தேடுகிறேன்’ என்று மட்டும் போட்டு வீணாக்காமல், செய்யும் வேலையின் பெயரைப் போடச் சொன்னார்கள், சரிதான். 2022 முதல் அங்கே வேலை இடைவெளியையும் ஒரு அனுபவம் மாதிரித் தனியாகப் பதிவு செய்ய முடிகிறது, இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அப்புறம் முடிவில் ‘பிரீமியம் பேக்கேஜ்’ விற்பனை ஆரம்பமானது, ரெஸ்யூம் எழுதித் தருகிறோம், புரொஃபைல் அமைத்துத் தருகிறோம் என்று. நான் எடுக்கவில்லை. தன்னைப் பற்றி ஒரு நிமிடம் பேசக் கற்றுக்கொண்ட பிறகு அதையே எழுத இன்னொரு ஆள் எதற்கு?

யார் போகலாம்? பதிவைக் கேட்டு, கேள்வி கேட்டு உலுக்க வீட்டிலும் நட்பிலும் யாரும் இல்லாதவர்கள் போகலாம். பணம் கட்டும் முன்னால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஒவ்வொருவருக்கும் தனியாக மாதிரி நேர்காணல் உண்டா, அதை நடத்துபவர் நிஜமாக ஆள் எடுத்த அனுபவம் உள்ளவரா? இல்லை என்றால் பிடிஎஃப்பும் கைதட்டலும் மட்டும்தான் மிஞ்சும்.

செலவு செய்ய முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் உண்டு. மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் கோவையிலும் இருக்கின்றன, விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே முன்தயாரிப்பு இல்லாமல் ஓரிரு நிமிடம் பேசவைக்கும் ஒரு சுற்று உண்டு, ‘ஆ’, ‘உம்’ எத்தனை என்று எண்ணுவதற்கே தனியாக ஒருவர் இருப்பார். இன்னொன்று, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம். அங்கே வரிசையில் நின்று மேசைக்கு மேசை போய் ஒரே நாளில் பல பேரிடம் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், பின்னால் வரிசை நிற்கும், ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் தர மாட்டார்கள். முதல் மேசையில் சொன்னதில் எது எடுபடவில்லை என்று பார்த்து இரண்டாவது மேசைக்கு மாற்றிக்கொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு இதைவிட நல்ல பயிற்சி யாரும் தர முடியாது. முக்கியமாக வேண்டும் என்று நினைக்கும் கம்பெனியின் மேசைக்குக் கடைசியாகப் போங்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது, தக்காளி சாதமும் தயிர் சாதமும். ஏசி வேலை செய்தது. வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் வருவது உத்தமம். பில் கேட்டால் முதலில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள், 2,500 வரி உட்பட என்று நோட்டீஸில் போட்டுவிட்டுச் சீட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை. கணக்குப் பார்த்தவளிடம் இது நடக்குமா, திருப்பிக் கேட்டேன். மறுநாள் மெயிலில் ஒழுங்கான இன்வாய்ஸ் வந்தது, 18 சதவீதம் பிரித்துக் காட்டி, 999293 என்ற சேவைக் குறியீடு வரை சரியாக இருந்தது.